நத்தார் பாப்பாவுக்கு எப்போது தாடி முளைத்தது? – பிள்ளைகளும் பண்டிகைப் பெயர்களும்

கடற்காற்று (வெள்ளவத்தை)

வீட்டில் தமிழ், முன்பள்ளியில் ஆங்கிலம், தொடர்மாடிப் படிக்கட்டில் சிங்களம். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு, ஐந்து வயதுகூட ஆகாத என் மகள் நாட்காட்டியில் உள்ள விடுமுறைகளுக்கெல்லாம் சொந்தமாக விளக்கம் கொடுத்துவருகிறாள். அதை நாங்கள் மட்டும் வைத்துச் சிரிப்பது அநியாயம் என்று இங்கே கொண்டுவந்திருக்கிறேன்.

முதலில் நத்தார். மாட்டுத் தொழுவத்தில் ஒரு பாப்பா பிறந்தது, அந்த நாள்தான் நத்தார் என்று முன்பள்ளியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஆகவே நத்தார் பாப்பா என்றால் வைக்கோலில் படுத்திருக்கும் அந்தப் பாப்பாதான். அவளுக்கு இதில் சந்தேகமே இல்லை. டிசம்பரில் காலி வீதிக் கடை ஒன்றின் வாசலில் சிவப்புச் சட்டையும் தொந்தியும் வெள்ளைத் தாடியுமாக ஒருவர் மணியடித்துக்கொண்டு நின்றார். “நத்தார் பாப்பாவுக்குக் கை கொடு” என்றார் அப்பப்பா. அவள் கொடுக்கவில்லை. அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு என் காதுக்குள் கேட்டாள்: “அதற்குள் இவ்வளவு வளர்ந்துவிட்டதா?”

பௌத்தர்களின் வெசாக் பண்டிகைக்கு வேறு கதை. அதற்குத் தொங்கவிடும் காகித விளக்கைத்தான் வெசாக் கூடு என்போம். தெருவெல்லாம் வெசாக் கூடு தொங்குகிறது என்று சொல்லிக் கூட்டிப்போனோம். கூடு என்றால் உள்ளே குருவி இருக்க வேண்டாமா? ஒவ்வொன்றின் கீழும் நின்று அண்ணாந்து பார்க்கிறாள். குருவி இல்லை, மின்குமிழ்தான் எரிகிறது. ஊரில் கோழிக்குஞ்சுப் பெட்டிக்குள் மின்குமிழ் போட்டிருப்பதைப் பார்த்தவள். “குஞ்சு இன்னும் பொரிக்கவில்லை” என்று முடிவு செய்துவிட்டாள். மழை வந்து கூடுகள் நனைந்தபோது அவள் பட்ட கவலையைப் பார்த்து எனக்கே ஒரு கணம் முட்டைகளை நினைத்துப் பாவமாக இருந்தது.

நீங்கள் இப்படிப்பட்டவற்றை உடனே திருத்துகிறீர்களா, விட்டுவிடுகிறீர்களா? கணவர் விடச் சொல்கிறார். பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள், இப்போதே திருத்து என்று மாமி சொல்கிறார்.

கொட்டாஞ்சேனையான்

விட்டுவிடுங்கள். எங்கள் வீட்டில் இதைவிடப் பெரிய இறையியல் பிரச்சினை ஓடிக்கொண்டிருக்கிறது.

எல்லாரும் “மெர்ரி கிறிஸ்மஸ்” என்று வாழ்த்துவதை என் மகன் “மேரி கிறிஸ்மஸ்” என்றே கேட்கிறான். அது நியாயமும்கூட. பிள்ளையைப் பெற்றவர் மேரி மாதா. அவர் பெயரில் கிறிஸ்மஸ் இருப்பதில் என்ன பிழை? அவனுடைய வருத்தமெல்லாம் சூசையப்பருக்காகத்தான். கழுதையைப் பிடித்துக்கொண்டு அவ்வளவு தூரம் நடந்தவருக்கு ஏன் ஒரு கிறிஸ்மஸ் இல்லை? “சூசை கிறிஸ்மஸ் எப்போது?” என்று நத்தார் இரவுப் பூசை நடந்துகொண்டிருக்கும்போதே, முழுக் கோவிலுக்கும் கேட்கும்படி கேட்டான்.

நல்லவேளையாக என் அம்மாவிடம் பதில் இருந்தது. “மார்ச் 19” என்றார், கண்ணைத் திறக்காமலே. சூசையப்பர் திருநாள் அன்றுதான். இப்போது எங்கள் வீட்டில் மார்ச் 19-க்கும் கேக் வாங்க வேண்டியிருக்கிறது.

பெரிய வெள்ளிக்கு, “எவ்வளவு பெரியது?” என்று கேட்டான். அன்று முழுவதும் உபவாசம், சிலுவைப்பாதை, பின்னேரம் நீண்ட வழிபாடு என்று இருத்திவைத்த பிறகு, மற்ற வெள்ளிகளைவிட இது பெரியதுதான் என்று அவனே ஒப்புக்கொண்டான்.

தேயிலைச்சாரல்

நாங்கள் அட்டன் பக்கம். இப்போது மட்டக்குளியில் இருக்கிறோம். எங்கள் பக்கத்தில் ஒருவரைப் பார்த்து “போயா” என்று சொன்னால் மரியாதை இல்லாமல் விரட்டுகிறோம் என்று பொருள். மகன் எங்கோ கேட்டுப் பழகி, தாத்தாவிடமே அதைச் சொல்லிவிட்டான். பெரியவர்களை அப்படிச் சொல்லக் கூடாது என்று வீட்டில் பெரிய விசாரணை நடந்து முடிந்திருந்தது.

அடுத்த வாரமே முன்பள்ளியில் ஆசிரியை, “நாளைக்குப் போயா, யாரும் வர வேண்டாம்” என்று சொல்லியிருக்கிறார். பிள்ளை அழுதுகொண்டு வந்தான். டீச்சர் எல்லாரையும் போயா என்று திட்டி, வரவேண்டாம் என்றும் சொல்லிவிட்டாராம்.

அது முழுநிலா நாள், மாதம் ஒரு முறை வரும், நாடு முழுவதும் விடுமுறை என்று எவ்வளவோ சொன்னோம். மறுநாள் இறைச்சிக் கடை பூட்டியிருந்தது. பக்கத்து மதுக்கடையும் பூட்டியிருந்தது. அன்று இரண்டும் விற்கக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது: அவர்களையும் யாரோ போயா என்று துரத்திவிட்டார்கள்.

ஆனால் வீட்டு விசாரணை அவன் மனதில் நன்றாகப் பதிந்திருக்கிறது. அடுத்த மாதம் நாட்காட்டியைக் காட்டி, பணிவாகத் தாத்தாவிடம் சொன்னான்: “தாத்தா, நாளைக்குப் போங்கள் ஐயா தினம்.” எங்கள் வீட்டில் இனி அதற்கு அதுதான் பெயர். வெசாக் போங்கள் ஐயா, பொசன் போங்கள் ஐயா, எசல போங்கள் ஐயா.

ஓய்வுபெற்ற வாத்தியார் (தெஹிவளை)

சிரித்தேன். சிரித்துவிட்டுச் சொல்கிறேன், திருத்துங்கள்.

போயா பற்றி இங்கே இளையவர்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. 1966 முதல் 1971 வரை இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை வார விடுமுறை அல்ல. வளர்பிறை, முழுநிலா, தேய்பிறை, அமாவாசை என்று நிலவின் நான்கு நிலைகளைப் பார்த்து வரும் போயா நாட்களே விடுமுறை. நிலவுக்கு வாரக் கணக்குத் தெரியாது. ஒரு விடுமுறையிலிருந்து அடுத்த விடுமுறை சில வேளை ஏழு நாளில் வரும், சில வேளை எட்டு நாள் இழுக்கும். திங்கள், செவ்வாய் என்று நாங்கள் மனப்பாடம் செய்துகொண்டிருக்க, என் தம்பி இரவு முற்றத்தில் நின்று வானத்தைப் பார்த்து நாளைக்குப் பள்ளிக்கூடம் உண்டா என்று சொல்லப் பழகினான். மேகம் மூடிய இரவுகளில் வீட்டுப்பாடம் செய்வதா, விடுவதா என்பது அவனுக்குப் பெரிய தர்மசங்கடம். 1971-க்குப் பிறகு ஞாயிறு திரும்பி வந்தது, முழுநிலாப் போயா மட்டும் விடுமுறையாக நின்றது. தம்பி பல காலம் அந்த அநியாயத்தை மன்னிக்கவில்லை.

அந்தக் குழப்பத்தை அரசாங்கம் உண்டாக்கியது. இந்தக் குழப்பத்தைப் பெற்றோர் உண்டாக்குகிறீர்கள். நரைத்த கிழவரைப் பாப்பா என்று அறிமுகப்படுத்திவிட்டுப் பிள்ளை முழிக்கிறது என்று சிரிப்பது என்ன நியாயம்? நத்தார் தாத்தா என்று சொல்லியிருந்தால் முடிந்தது.

கடற்காற்று

வாத்தியார் ஐயா, பாப்பா என்ற பெயரை நான் வைக்கவில்லை. பத்திரிகைகளே அப்படித்தான் எழுதுகின்றன. கீழ்மாடி ஆன்ரி சிங்களத்தில் “நத்தல் சீயா” என்கிறார். அது தாத்தாதான். மகளிடம் இரண்டையும் சொன்னேன். “அப்படியென்றால் நத்தல் சீயாவின் பேரப்பிள்ளை நத்தார் பாப்பா” என்றாள். குடும்பம் பெருகிவிட்டது.

மூன்றாம்மாடி (கொம்பனித்தெரு)

எங்கள் மகளுக்கு நாலரை வயது. அவளுக்கு வாழ்த்து என்றால் பிறந்தநாள் வாழ்த்துத்தான். முன்னால் ஏதாவது வரும், பின்னால் ஆளின் பெயர் வரும். பெருநாள் அன்று வீட்டுக்கு வந்த எல்லாரும் “ஈத் முபாரக்” என்கிறார்கள். தொலைபேசியிலும் அதையே சொல்கிறார்கள். ஆளுக்கு ஆள் அந்த முபாரக்கையே வாழ்த்துகிறார்கள். அவனைத்தான் காணவில்லை. வட்டிலப்பம் என்ற இனிப்பை வெட்டப் போனபோது தடுத்துவிட்டாள். “முபாரக் வரட்டும்.”

மூத்தும்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அது பெயரில்லை, பரக்கத்தான (அருள் நிறைந்த) நாளாக இருக்கட்டும் என்பதுதான் பொருள் என்று விளக்கினார். “பரக்கத் யார்?” என்றாள்.

ஆனால் எங்கள் மாடியில் நடந்த நிலாச் சண்டையைத்தான் நான் சொல்ல வந்தேன். எதிர்வீட்டில் ஒரு தமிழ்ப் பிள்ளை இருக்கிறது, இரண்டும் கூட்டாளிகள். கொழும்பு பெரிய பள்ளிவாசலில் பிறை பார்த்துச் சொல்வதற்காக நாங்கள் வானொலியைத் திறந்துவைத்துக் காத்திருந்த இரவு, என் மகள் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்: பிறை எங்களுடையது. முழு நிலா பன்சலைக்கு (பௌத்த விகாரைக்கு) உரியது, அதனால்தான் போயா. எதிர்வீட்டுப் பிள்ளை ஓடிப்போய்த் தன் அம்மாவிடம் கேட்டது, நமக்கு எந்த நிலா என்று. அவரும் யோசிக்காமல், தீபாவளி அமாவாசையை ஒட்டி வரும், அப்போது நிலாவே இருக்காது என்று உண்மையைச் சொல்லிவிட்டார்.

பிறகு படிக்கட்டில் ஒரே ஒப்பாரி. எல்லா நிலாவையும் மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்களாம், தங்களுக்கு இருட்டை மட்டும் விட்டுவைத்தார்களாம்.

நான்தான் சமாதானம் செய்யப் போனேன். “தைப்பொங்கலுக்குச் சூரியன் முழுக்க உங்களுக்குத்தானே” என்றேன். எதிர்வீட்டுப் பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தது. நிலாவைவிடச் சூரியன் பெரிது என்று அதற்குத் தெரிந்திருந்தது. உடனே என் மகள் அழ ஆரம்பித்தாள்: நமக்கு ஏன் சூரியன் இல்லை?

நோன்பு முழுவதும் சூரியன் எப்போது இறங்கும் என்று பார்த்துக்கொண்டுதானே இருந்தோம், அது போன பிறகுதானே கஞ்சி குடித்தோம் என்று சொல்லித்தான் அவளைத் தூங்க வைத்தேன்.

கொட்டாஞ்சேனையான்

எங்களை விட்டுவிட்டு நிலாவைப் பங்கு போடாதீர்கள். உயிர்த்த ஞாயிறு எப்போது வரும் என்பதே நிலவின் கணக்குத்தான்: மார்ச் 21-ஆம் தேதியிலோ அதற்குப் பிறகோ வரும் முதல் முழுநிலாவை அடுத்த ஞாயிறு. ஆகவே முழு நிலாவில் ஒரு துண்டு கொட்டாஞ்சேனைக்கும் சேர வேண்டும்.

எதிர்வீட்டுப் பிள்ளையிடம் தைப்பூசத்தையும் சொல்லுங்கள். அதுவும் பௌர்ணமியை ஒட்டித்தானே வருகிறது?

வெசாக் விடுமுறைக்கும் எங்கள் பகுதிக்கும் தொடர்பு உண்டு. வெசாக் பொது விடுமுறையானது 1885-இல். அந்த வெசாக் நாளில்தான் பௌத்தக் கொடி முதன்முதலாக ஏற்றப்பட்டது, அதுவும் கொட்டாஞ்சேனை தீபதுத்தாராம விகாரையில். என் மகனிடம் இதைச் சொன்னேன். “அப்போது எங்கள் வீட்டுக் கொடிக்கம்பியில் காயப்போட்டார்களா?” என்றான். கொடி என்றால் அவனுக்குத் துணி காயும் கொடிதான்.

மெல்பேர்ன் மச்சான்

பிறந்தது வெள்ளவத்தை, இருப்பது மெல்பேர்ன். டிசம்பர் 26 இங்கே பாக்சிங் டே. கொழும்பிலிருந்து வந்திருந்த அக்காவின் மகன் காலையிலேயே கையுறை கேட்டான். குத்துச்சண்டை பார்க்கலாம் என்று மைதானத்துக்கு வந்தவனுக்கு வெள்ளை உடுப்பில் ஐந்து நாள் கிரிக்கெட் காட்டினோம். மதிய உணவு இடைவேளை வரை பொறுமையாக இருந்து, “எப்போது அடிப்பார்கள்?” என்றான்.

1995 பாக்சிங் டேயில் இதே மைதானத்தில் நம் பந்துவீச்சாளர் முரளிக்கு ஏழு முறை நோ-பால் கொடுக்கப்பட்டபோது அவன் இருந்திருந்தால் ஏமாந்திருக்க மாட்டான்.

பம்பலப்பிட்டி வாசி

வெளிநாட்டுச் சொல்தான் பிள்ளைகளுக்குப் புரியாது என்று நினைக்கிறீர்கள். எங்கள் வீட்டில் சொந்தச் சொல்தான் மாட்டிக்கொண்டது.

ஆடிவேல் திருவிழா. செட்டியார் தெருவிலிருந்து வெள்ளித் தேர் புறப்பட்டுப் பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோவிலுக்கு வரும், எங்கள் வாசல் வழியாகத்தான் போகும். கார்ப் பைத்தியம் பிடித்த மகனிடம், “நாளைக்கு ஆடிவேல், சாமி வருவார்” என்று சொல்லிவிட்டேன். அவனுக்கு ஆடி என்றால் முன்பக்கத்தில் நான்கு வளையம் போட்ட அந்த ஜெர்மன் கார். வேல் என்பது வீல். சாமி ஆடி வண்டியில் வருகிறார் என்று தொடர்மாடி முழுவதும் செய்தி பரப்பிவிட்டான்.

தேர் வந்தது. சுற்றிப் பார்த்தான். வளையம் இல்லை, இயந்திரச் சத்தம் இல்லை, மேளம்தான் கேட்கிறது. “பெட்ரோல் கிடைக்கவில்லையா?” என்று கேட்டான். 2022-இல் எரிபொருள் வரிசையில் அப்பாவின் மடியில் உட்கார்ந்து மணிக்கணக்காகக் காத்துக் கிடந்த பிள்ளை வேறு எதைக் கேட்பான்?

தேயிலைச்சாரல்

ஏமாற்றம் என்றதும் நினைவுக்கு வருகிறது. ஏப்ரலில் பக்கத்து வீட்டிலிருந்து சிங்களப் புத்தாண்டுத் தட்டு வந்தது. வாழைப்பழம், பலகாரம், கொக்கிஸ். நாங்கள் சைவம். மகன் கொக்கிசைத் தொடவே இல்லை. கொக்கைப் பிடித்து எண்ணெயில் போட்டிருக்கிறார்கள் என்று தங்கைக்கும் சொல்லிக்கொடுத்து, அவளையும் சாப்பிடவிடவில்லை. பூப்போல இருக்கும் அந்த வடிவத்தில் இறகு எது, கால் எது என்றுகூடக் காட்டினான்.

தட்டோடு வந்த அம்மா, “சுப அலுத் அவுருத்தக் வேவா” என்று வாழ்த்தினார். அவர் போனதும், “ஆன்ரிக்கு வருடம் அலுத்துவிட்டதாம்” என்றான். ஒரு தட்டுப் பலகாரம் செய்தவருக்கு அலுக்காமல் என்ன செய்யும்?

ஓய்வுபெற்ற வாத்தியார் (தெஹிவளை)

கொக்கிஸ் ஒல்லாந்தரின் “கூக்யெஸ்” என்ற பலகாரப் பெயரிலிருந்து வந்தது என்பார்கள். 1656-இல் கொழும்பைப் பிடித்தவர்கள் சொற்களையும் விட்டுவிட்டுப் போனார்கள். கந்தோர் அவர்களுடையது. கக்கூசும் அவர்களுடையதுதான். இதைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தால் சரித்திரமும் வரும்.

தேயிலைச்சாரல்

சொன்னேன் ஐயா. “கொக்கிசும் கக்கூசும் ஒரே ஊரா?” என்று கேட்டான். இப்போது தங்கையும் நிரந்தரமாகக் கொக்கிசை விட்டுவிட்டாள்.

மணல்வீடு (முன்பள்ளி ஆசிரியை)

படித்துக்கொண்டே வந்தேன், இனி எழுதாமல் இருக்க முடியாது.

வாத்தியார் சொல்வதில் பாதி சரி. ஆனால் இவற்றைக் குழப்பம் என்று சொல்லாதீர்கள். இரண்டு மூன்று மொழி கேட்டு வளர்வதால் பிள்ளையின் தலை குழம்பிவிடாது. மொழியியலாளர்கள் இதைப் பல காலமாகச் சொல்லிவருகிறார்கள். பிள்ளையின் காதில் விழுவது இடைவெளி இல்லாத ஒரு சத்தம். அதை எங்கே வெட்டுவது என்று யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. தெரிந்த துண்டு எங்கே அகப்படுகிறதோ அங்கே பிடித்துக்கொள்கிறது. எங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தம்பிலி (சிங்களத்தில் செவ்விளநீர்) என்றால் தம்பிக்கு மட்டும் கொடுக்கும் இளநீர். கடை முதலாளி சிங்களத்தில் “மல்லி” (தம்பி) என்று அன்பாகக் கூப்பிட்டதற்கு, “நான் கொத்தமல்லி இல்லை” என்று ஒரு பையன் கோபித்துக்கொண்டு வந்தான். சிங்களத்தில் “மம” என்றால் நான். அது அவன் காதில் மாமாவாக விழும். “மம யனவா” என்று பக்கத்து வீட்டுக்காரர் புறப்பட்டால், எந்த மாமா போகிறார் என்று தேடுகிறான். இந்த ஊகங்களில் எதுவுமே முட்டாள்தனமில்லை. ஒவ்வொன்றுக்கும் காரணம் கேட்டுப் பாருங்கள், சொல்லுவார்கள்.

எங்கள் ஊர்ப் பெயர்களே இவர்களைச் சோதிக்கின்றன. கொம்பனித்தெரு என்பது கொம்பனி இருந்த தெரு. நவம் பெரஹரா ஊர்வலத்துக்குக் கங்காராமை விகாரைப் பக்கம் போய் யானைகளைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைக்கு அது கொம்பன் யானைத் தெரு. அதை எப்படிப் பிழை என்பீர்கள்? பேரே வாவிக்குப் பக்கத்தில், தந்தம் வைத்த யானை கண்முன்னால் போனதே! காலி வீதியைப் பற்றி ஒரு சிறுமி எழுப்பிய கேள்விக்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை. அரை மணி நேரம் வாகன நெரிசலில் நின்றுவிட்டு வந்து, “ஏன் டீச்சர் அதற்குக் காலி என்று பெயர்?” என்றாள்.

ஒக்டோபர் 31-க்கு முன்பள்ளிகளில் இப்போது ஹலோவீன் வந்துவிட்டது. எங்களிடமும் வந்தது, பெற்றோர் கேட்டார்கள். பிள்ளைகள் அதை “ஹலோ தினம்” என்று வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றில் நாலைந்து பிள்ளைகள் அன்று மாலை எல்லாக் கதவையும் தட்டி “ஹலோ” சொன்னார்கள். திறந்தவர்கள் வெறுங்கையோடு அனுப்புவார்களா? பிஸ்கட், மஸ்கட், ஒரு வீட்டில் பொரித்த கடலை. பேய் உடுப்பு இல்லை, மிரட்டல் இல்லை, அந்தப் பண்டிகைக்கு வேண்டிய மற்றதெல்லாம் தானாக நடந்துவிட்டது. அடுத்த நாள் ஒரு தாத்தா என்னிடம் வந்து, இத்தனை வருடம் ஒரே மாடியில் இருந்தும் எதிர்வீட்டாரின் பெயர் நேற்றுத்தான் தெரியும், நல்ல நாள், வருடாவருடம் வையுங்கள் என்றார். அவருக்கு அது ஹலோவீன் என்று நான் சொல்லவில்லை.

ஓய்வுபெற்ற வாத்தியார் (தெஹிவளை)

ஆசிரியை அம்மா, நீங்கள் அந்தத் தாத்தாவைத் திருத்தாதது சரி. பிள்ளையைத் திருத்தாதது சரியல்ல. ஆறாம் வகுப்பில் போயாவைப் பற்றிப் போங்கள் ஐயா என்று கட்டுரை எழுதினால் நீங்களா புள்ளி போடுவீர்கள்? இதற்கெல்லாம் காரணம் தமிழ்மொழி மூலத்தில் படிக்க வைக்காமல்…

மட்டுறுத்துநர்

மொழிமூலச் சண்டைக்கு ஏற்கெனவே ஒரு தனி இழை இருக்கிறது. அங்கேயும் முடிவு கிடைக்கவில்லை. இங்கே பிள்ளைகள் மட்டும்.

மூன்றாம்மாடி (கொம்பனித்தெரு)

வாத்தியார் ஐயா கோபிக்க வேண்டாம். நான் சிலவற்றைத் திருத்துகிறேன், சிலவற்றை விடுகிறேன். மற்றவர்களின் மனம் நோகுமென்றால் அந்த இடத்திலேயே திருத்திவிடுவேன். பெரஹராவைப் பார்த்து மகள் “சேர்க்கஸ்” என்று கத்தியபோது அங்கேயே குனிந்து, இது அவர்களுடைய வணக்கம், மெதுவாகச் சொல் என்றேன். தன்சலில் சாப்பிட்டுவிட்டுக் காசு எங்கே கொடுப்பது என்று தேடினாள். இது தானசாலை, பசித்தவர்க்கெல்லாம் சும்மா கொடுப்பது, வாங்கிக்கொண்டு நன்றி சொன்னால் போதும் என்று சொல்லிக்கொடுத்தேன். அதை அவள் மறக்கவில்லை. முபாரக்கை மட்டும் விட்டுவிட்டேன். போன பெருநாளுக்கு அவனுக்கென்று ஒரு கிண்ணத்தில் வட்டிலப்பம் எடுத்து வைத்தாள். இரவில் அவளுடைய வாப்பாதான் முபாரக்காகி அதைத் தின்று முடித்தார். இன்னும் கொஞ்சக் காலம் இருந்துவிட்டுப் போகட்டும் அவன். எங்களுடைய பெருநாள் வருடத்துக்கு ஏறக்குறைய 11 நாள் முன்னால் நகர்ந்துகொண்டே போகிறது. அதற்கும் அவனைத்தான் காரணம் சொல்கிறாள். முபாரக்குக்குப் பொறுமை இல்லையாம்.

கடற்காற்று

எல்லாருக்கும் நன்றி. மாமிக்கு இந்த இழையை வாசித்துக் காட்டினேன். சூசையப்பர் இடத்தில் அவருக்குக் கண்ணில் நீர் வரும் அளவுக்குச் சிரிப்பு. ஆனாலும் திருத்தத்தான் வேண்டும் என்கிறார். மகளிடம் உட்கார்ந்து, வெசாக் கூட்டில் குருவி இருக்காது, அது காகிதத்தில் செய்த விளக்கு என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். மகள் கேட்டுக்கொண்டாள். பிறகு, “அப்பம்மா, குருவிக்குச் சொல்லிவிட்டார்களா?” என்று கேட்டாள்.

மாமி இப்போது என் கணவர் கட்சி.

புதியவன்27 (மருதானை)

இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஒன்றே ஒன்று.

மே தினம் ஆடுகளின் நாள் என்று எங்கள் மகன் உறுதியாக நம்புகிறான். மே என்று வேறு யார் சொல்வார்கள்? போன மே முதலாம் தேதி ஊர்வலத்தால் வீதியை மூடிவிட்டார்கள், நாங்கள் பஸ்ஸை விட்டு இறங்கி ஓரமாக நின்றோம். முன்னால் ஒருவர் ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டு போகிறார். பின்னால் ஆயிரக்கணக்கில் ஒரே நிறச் சட்டை, அவர் சொல்வதையே திருப்பிச் சொல்லிக்கொண்டு, அவர் திரும்பும் பக்கம் திரும்பிப் போகிறார்கள். மகன் என் கையை இழுத்து, “பார்த்தீர்களா, நான் சொன்னேனே” என்றான்.

வாத்தியார் ஐயா, இதைத் திருத்த வேண்டுமா?

ஓய்வுபெற்ற வாத்தியார் (தெஹிவளை)

மே 1 பொது விடுமுறையானது 1956-இல் என்று மட்டும் சொல்லிக்கொடுங்கள். மற்றதைத் திருத்த வேண்டாம்.